முதல் ஊசி எங்கே போடப்பட வேண்டும்? திருகோணமலை மாவட்டத்தில் பச்சிளம் சிசுக்களின் கிருமித்தொற்று

பிறந்து 28 நாள் நிறையாத சிசுவின் குருதியில் கிருமி பரவிவிட்டால் அதன் உயிர் மணித்தியாலக் கணக்கில் தீர்மானிக்கப்படுகிறது. கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிடக்கும் திருகோணமலை மாவட்டத்தில் அந்த மணித்தியாலங்கள் வீதியிலேயே கழிந்துபோகக்கூடும். எனவே இக்கட்டுரை ஒரு நிலைப்பாட்டை முன்வைத்து வாதிடுகிறது: தொற்றுச் சந்தேகம் எழும் சிசுவுக்கு முதல் ஊசி, வைத்தியர் இருக்கும் மிகக் கிட்டிய வைத்தியசாலையிலேயே போடப்பட வேண்டும். போடுவதற்கு முன் அதே இடத்தில், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் போத்தலுக்குக் குருதி எடுக்கப்பட வேண்டும். இரண்டு நாளில் கிருமி வளரவில்லை என்று தெரிந்து, பிள்ளையும் தெளிந்துவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும். இவை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் சரியும்.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம், இதைவிடப் பெரிய போர்களை இலங்கை ஏற்கனவே வென்றுவிட்டதுதான். ஒரு காலத்தில் பச்சிளம் சிசுக்களை அதிகம் கொன்றது ஏற்புவலி. 1988இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 787,000 சிசுக்கள் அதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலித் தடுப்பூசி 1969இல் தொடங்கியது. 2016இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் இந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஒழிப்பின் வரையறையைக் கவனிக்க வேண்டும்: நாட்டின் சராசரி போதாது, ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 உயிர்ப் பிறப்புக்கு ஒரு நோயாளியிலும் குறைவாக இருக்க வேண்டும். போரும் சுனாமியும் சிதைத்த கிழக்குக்கும் அதே அளவுகோல்தான். 2019இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை ஒழித்த நாடாகவும், 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடாகவும் இலங்கை உறுதிப்படுத்தப்பட்டது. கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுக்கப்படும் ஒரு குழாய் இரத்தமும் பெண்பிள்ளைக்குப் போடப்பட்ட ஒரு தடுப்பூசியும் செய்த வேலை இது. மேடைகளில் இதைப் போதிய அளவு பாராட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

இந்த வெற்றிகள் எல்லாம் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெறப்பட்டவை. மிஞ்சியிருப்பது பிறப்பின்போதும் பிறந்த பின்னும் தொற்றும் பற்றீரியாக்கள். முதல் 72 மணித்தியாலத்துக்குள் வெளிப்படும் தொற்று பெரும்பாலும் தாயின் பிறப்புவழியிலிருந்து வருகிறது. பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேலாகியும் பிள்ளை பிறக்காதிருத்தல், பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல், குறைமாதம் ஆகியன அதற்கான எச்சரிக்கைகள். அதன் பின் வருவது வார்டிலிருந்தோ வீட்டிலிருந்தோ வருகிறது. குறைமாதப் பிள்ளை இரண்டிலும் அதிகம் அகப்படுகிறது. தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து கருவை அடைவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். எட்டாம் மாதம் பிறந்த பிள்ளை அந்தச் சீதனத்தின் பாதியை விட்டுவிட்டு வந்து சேர்கிறது.

நோயை இனங்காண்பதுதான் கடினமான பகுதி. வளர்ந்தவருக்குக் கிருமி ஏறினால் உடல் கொதிக்கும்; சிசு குளிர்ந்தும் போகும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி அபாய அறிகுறிகளை எண்ணிச் சொல்கிறது: பால் சரியாகக் குடியாமை, வலிப்பு, நெஞ்சு ஆழமாக உள்வாங்குதல், உடல் வெப்பம் 38 பாகை செல்சியசாகவோ அதற்கு மேலாகவோ இருத்தல், 35.5 பாகைக்குக் கீழே இருத்தல், தூண்டினால் மட்டும் அசைதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு. இவற்றில் முதலாவதைத் தாய்மார் எந்த வழிகாட்டியும் படிக்காமலே சொல்லிவிடுவார்கள். "பிள்ளை நேத்து ராவிலயிருந்து பால் இழுக்குதில்ல" என்று ஒரு தாய் சொன்னால் அதை முறைப்பாடாகக் கருதக்கூடாது. அது ஒரு நோய்நிர்ணயக் கூற்று. எடையும் நிறமும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவது பெருந்தவறு.

வெப்பமானி கையில் இல்லாதபோது குடும்பநல மாது செய்யும் சோதனை மிக எளியது. புறங்கையால் முதலில் பிள்ளையின் உள்ளங்காலைத் தொடுகிறார், பிறகு வயிற்றை. கால் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் பிள்ளைக்குக் குளிர் பிடிக்கிறது; நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்கச் சொல்லலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் அது ஆபத்து. மூச்சை எண்ணுவதற்கு முழு நிமிடம் வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே செல்லாது, ஏனெனில் பச்சைப்பிள்ளை விட்டுவிட்டு மூச்சு வாங்கும். திருகோணமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, துணிக்கு மேல் துணி சுற்றிக் கதவையும் சாத்திவைத்த பிள்ளையின் உடல் வெக்கையாலேயே சூடாகிவிடும். துணியைத் தளர்த்திப் பால் கொடுத்து அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் பார்ப்பது நியாயம். சூடு தணிந்தாலும் பிள்ளை சோர்ந்தே கிடந்தால் வெக்கையைக் காரணம் காட்டி வீட்டில் வைத்திருப்பது நியாயமல்ல.

மாரி காலத்தையும் அதன் பின்னான மாதங்களையும் டெங்கு சிக்கலாக்குகிறது. 2017 மார்ச் மாதத்தில் கிண்ணியாவை உலுக்கிய டெங்குப் பரவலை இம்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,101 நோயாளர்கள் பதிவாயினர். பிரசவத்தை ஒட்டிய நாட்களில் டெங்குக் காய்ச்சல் கண்ட தாயிடமிருந்து வைரசு பிள்ளைக்கும் போகக்கூடும். அப்பிள்ளைக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும், சிறுதட்டு எண்ணிக்கை விழும், பார்ப்பதற்கு அச்சொட்டாகப் பற்றீரியாத் தொற்றாகவே தெரியும். நுண்ணுயிர்கொல்லி அந்த வைரசை ஒன்றும் செய்யாது. நீர்ச்சமநிலையைக் கவனித்துக் காப்பதே சிகிச்சை. எனவே தாயின் கடைசி இரண்டு வாரக் காய்ச்சல் வரலாறு சிசுவின் கட்டில் அட்டையில் முதல் வரியாக எழுதப்பட வேண்டும்.

இனி வீதி. மாவட்டப் பொது வைத்தியசாலை திருகோணமலை நகரில் இருக்கிறது. புல்மோட்டை அங்கிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே. கந்தளாய் சுமார் நாற்பது கிலோமீற்றர் தென்மேற்கே. குடாவின் மறுகரையில் மூதூர், அதற்கும் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. பாலங்கள் வந்த பின்னும் குறை தீர்ந்துவிடவில்லை: 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாததால் ஓடிய மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். மகாவலி பெருகும் மாரியில் தெற்குக் கிராமங்களின் வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் பெரும் வரம்தான். ஆனாலும் வெள்ளம் வெள்ளம்தான்.

இந்த நிலப்பரப்பில் "உடனே ட்ரான்ஸ்ஃபர்" என்ற பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிகிச்சை தொடங்குவதென்று முடிவெடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் மருந்து ஏறவேண்டும் என்கிறது பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டி. வாகனம் வருவதற்கும் வீதிக்கும் நகரத்தில் அனுமதிப்பதற்கும் கனுலா போடுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஒரு மணித்தியாலம் எங்கோ பின்னால் போய்விடும். அனுப்பும் முன் அம்பிசிலினும் ஜென்டமைசினும் தசையில் ஏற்றிவிட்டு அனுப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

சொல்வது எளிது, செய்வதில் ஒரு பொறி உண்டு. வார்டில் கிடைக்கும் ஜென்டமைசின் குப்பி பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கானது: 2 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம். முதல் வாரத்தில் உள்ள 3 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 15 மில்லிகிராம் வேண்டும், அதாவது 0.4 மில்லிலீற்றருக்கும் சற்றுக் குறைவு. நள்ளிரவில், தனியாக நிற்கும் தாதி, 2 மில்லிலீற்றர் சிரிஞ்சில் அந்த அளவைக் கண்ணால் மட்டிட்டு எடுக்கும்போது பிழை நேர்வது அவரது குற்றமாகாது. 1 மில்லிலீற்றர் சிரிஞ்சும், எடைக்கு நேரே மில்லிலீற்றரைக் காட்டும் அட்டை ஒன்றும் சுவரில் இருந்தால் போதும். சிறுநீரகத்துக்கும் செவிப்புலனுக்கும் ஊறு செய்யவல்ல மருந்து இது என்பதால் அந்த அட்டையை நான் அலங்காரமாகக் கருதவில்லை.

இந்நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்த பிள்ளைக்கெல்லாம் சிறு வைத்தியசாலைகளில் ஊசி போடத் தொடங்கினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பார்கள். அயலிலேயே சான்றும் இருக்கிறது. டெல்லியின் மூன்று வைத்தியசாலைகளில் 13,530 சிசுக்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், குருதியில் வளர்ந்த கிருமிகளில் அசினெற்றோபக்டர் 22 வீதம், கிளெப்சியெல்லா 17 வீதம், ஈ. கோலை 14 வீதம். அசினெற்றோபக்டரில் ஐந்தில் நான்குக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. இந்த அச்சத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவு வேறு. கிருமிகளை வலுப்படுத்துவதில் பெரும் பங்கு, காரணம் தெரியாமல் ஏழு நாள், பத்து நாள் நீளும் மருந்துக்கும், பெனிசிலினில் தொடங்கி மெரொபெனெம் வரை படியேறும் பழக்கத்துக்கும் உண்டு. பதினொரு நாடுகளின் 19 வைத்தியசாலைகளில் 3,204 சிசுக்களை வைத்து 2023இல் வெளியான நியோஒப்ஸ் ஆய்வில், தொற்றுச் சந்தேகத்தில் மருந்து பெற்றவர்களில் 17.7 வீதத்தினருக்கே குருதியில் கிருமி வளர்ந்தது. ஏனையோரில் பலருக்குச் சில நாட்களில் மருந்தை நிறுத்தியிருக்க முடியும். நிறுத்துவதற்குத் துணிவு தருவது, முதல் ஊசிக்கு முன் எடுத்த குருதி.

ஆகவே அந்தப் போத்தல் நகரத்து வார்டில் மட்டும் இருந்தால் பயனில்லை. புல்மோட்டையில் ஊசி போட்டு, திருகோணமலையில் குருதி எடுத்தால், வளராமற் போனது கிருமி இல்லாததாலா, மருந்து ஏறியதாலா என்று எவராலும் சொல்ல முடியாது. வைத்தியர் பயந்து மருந்தைத் தொடர்வார். பச்சைப்பிள்ளையிடமிருந்து 1 மில்லிலீற்றர் போதும். எடுத்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில், பிள்ளையோடு அதே அம்புலன்சில் அனுப்பலாம். நகரத்து ஆய்வுகூடம் 36 அல்லது 48 மணித்தியாலத்தில் பதில் சொல்லும், இடையில் குருதியில் அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. அளவும் கைகொடுக்கும். அத்தோடு மண்ணில் வாழும் ஒரு கிருமியையும் இந்தப் போத்தல்தான் காட்டிக்கொடுக்கும். இலங்கையில் 1927இலேயே பதிவான மெலியோய்டோசிஸ், நெல்வயல் ஈரத்தில் வாழும் பற்றீரியாவால் வருவது. சிசுக்களில் அரிது, ஆனால் ஜென்டமைசினுக்கு அது பொதுவாக அடங்காது.

தடுப்புக்கு வருவோம். வைத்தியசாலைக்குள் அது பெரும்பாலும் கைகளின் விடயம், தண்ணீரின் விடயம். பல பிள்ளைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து மருந்து எடுப்பதும், ஈரம் காயாத சிங்கும், திறந்த சேலைன் போத்தலை மறுநாளுக்கு வைப்பதும் கிளெப்சியெல்லாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பவை. குறைமாதப் பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு பிணைத்துவைக்கும் கங்காரு முறையை, பிறந்த உடனேயே தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021இல் ஐந்து நாடுகளின் கூட்டாய்வு காட்டியது. அதில் இந்தியாவும் ஒன்று. தாயின் தோலிலுள்ள கிருமிகள் வார்டுக் கிருமிகளுக்கு முன்னே பிள்ளையில் குடியேறிவிடுவது அதன் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வெளிநாட்டுப் பரிந்துரைகளையெல்லாம் அப்படியே எடுக்கவும் வேண்டாம். தொப்புள்கொடிக்குக் குளோர்ஹெக்சிடின் பூசுவது நேபாளத்தில் உயிர்களைக் காத்தது. ஆனால் அது வீட்டுப் பிரசவமும் உயர்ந்த சிசு மரணமும் உள்ள இடங்களுக்கான பரிந்துரையாகவே வந்தது. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கும் இலங்கையில் கொடியை ஒன்றும் பூசாமல் உலரவிடுவதே சரி. மஞ்சளும் வேண்டாம், திருநீறும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருந்தால் பால் பிதுக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அந்த வீக்கம் தாயின் ஹோர்மோனால் வந்தது, தானே வற்றும், பிதுக்கினால் சீழ்கட்டியாகும். தேனோ கற்கண்டுத் தண்ணீரோ நாவில் வைப்பதைவிட முதல் மணித்தியாலத்தில் கடும்புப்பால் கொடுப்பது பெரிய ஆசீர்வாதம். இவற்றைச் சொல்லும்போது அந்த வீட்டுப் பெரியம்மாவை அவமதிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். அந்த வீட்டின் மொழியிலும் சொல்லத் தெரிய வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் குடும்பநல மாதுவின் நியமனத்தில் மொழி ஒரு மருத்துவத் தகைமை.

அவர் வீட்டுக்கு வரும் முதல் வருகை, பிறந்து ஐந்து நாளுக்குள் நடக்க வேண்டியது. அடுத்தது பத்தாம் நாளுக்குள். இயல்பான பிரசவத்தில் தாய் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறாள். தொற்று தலைகாட்டும் நாட்களில் பிள்ளையைப் பயிற்சி பெற்ற கண்ணால் பார்ப்பவர் அவர் ஒருவரே. வெற்றிடமாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதுப் பிரிவும் அந்தப் பார்வையை இழந்த பிரிவு.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது சிறிய பட்டியல்: புல்மோட்டை, மூதூர், கிண்ணியா, கந்தளாய், ஈச்சிலம்பற்று முதலிய ஒவ்வொரு வைத்தியசாலையிலும் சிசுக்களுக்கான கல்ச்சர் போத்தல், 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச், எடை அட்டை, அம்பிசிலின், ஜென்டமைசின், குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானி. அடுத்த மாரிக்கு முன் இவை போய்ச் சேர வேண்டும். பெற்றோரிடம் கேட்பது அதைவிடச் சிறியது: ஒரு மாதம் நிறையாத பிள்ளை பால் இழுக்காமல் சோர்ந்தால் விடியும்வரை பொறுக்காதீர்கள், பெரியாஸ்பத்திரிக்கே போவோம் என்று கிட்டிய வைத்தியசாலையைக் கடந்து போகாதீர்கள்.