சூரியக் குடும்ப மாதிரிகள் – தமிழகத்தில்

சூரியன், நிலா, கோள்கள் ஆகியவற்றின் இயக்கத்தை விளக்கவும் முன்கூட்டிக் கணிக்கவும் வகுக்கப்பட்ட அமைப்புகள் சூரியக் குடும்ப மாதிரிகள் எனப்படும். விளக்குவது வேறு, கணிப்பது வேறு. தமிழகத்தில் கணிப்பு வெகுதூரம் முன்னே சென்றது. விளக்கம் பின்னாலேயே வந்தது.

ஞாயிற்றின் பாதையையும் வேகத்தையும் அளந்தவர்போல் சொல்லவல்லோர் இருந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் குறிப்பிடுகிறது. பாடியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். பின்வந்த சித்தாந்தங்கள் எனப்படும் வானியல் நூல்கள் பூமியை நடுவில் வைத்தன. பூமி தன்னைத்தானே சுழல்கிறது என்று ஆரியபட்டர் 499இல் எழுதியும் அந்த நடுவிடம் மாறவில்லை. கோயில் நவக்கிரக மேடையில் சூரியன் நடுவே நிற்பதைச் சூரியமையக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. அங்கே நிலாவும் ராகு கேதுவும் கிரகங்கள். பூமிக்கு இடமே இல்லை.

பெரிய மாற்றம் கேரளத்தில் நிகழ்ந்தது. நீலகண்ட சோமயாஜி 1500ஆம் ஆண்டளவில் தந்திரசங்கிரகத்தில் புதன், வெள்ளி இரண்டின் கணக்கைத் திருத்தினார். ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் அமைப்பை ஆரியபட்டீய உரையில் விளக்கினார். டைக்கோ பிராகி இதையொத்த அமைப்பை வெளியிட்டது 1588இல்தான். நீலகண்டரிடம் ஐயம் கேட்டு விடை பெற்றவர்களில் தமிழகத்துச் சுந்தரராஜர் ஒருவர். வாக்கியகரணம் என்னும் கணிப்பு நூலுக்கு உரை கண்டவரும் அவரே. ஆயினும் இங்குள்ள பஞ்சாங்கங்கள் வாக்கியகரணத்தின் பழைய கணக்கிலேயே தொடர்ந்தன.

அந்தக் கணக்கைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீ, தமிழர்கள் எழுதுகோலின்றிச் சோழிகளைப் பரப்பி விரைவாகக் கணித்ததை வியந்து பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அவர்கள் கணக்கு 41 நொடி குறைந்தது. அவர் கொண்டுவந்த அட்டவணையோ 68 நொடி கூடியது. கோப்பர்நிக்கசின் 1543ஆம் ஆண்டு நூலையோ கெப்ளரின் நீள்வட்டங்களையோ அறியாமலே எட்டிய துல்லியம் இது.

சூரியமையப் படம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பர் 9இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கி, இந்திய மொழிகள் பலவற்றில் சிறுநூல் வெளியிட்டார். கண்ணால் கண்டதோடு ஒத்துவரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடியவர் அவர். புதிய அறிவைக் கொண்டு பழைய கலையைத் திருத்த முயன்ற அவருக்குரிய இடம் நம் பாடநூல்களில் இன்னும் கிடைக்கவில்லை.



கணக்கு வேறுபாடு இன்றும் தீரவில்லை. சிறிய ஊரான கறம்பக்குடி முதல் சென்னை வரை வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இருவகைப் பஞ்சாங்கங்களும் புழக்கத்தில் உள்ளன. சனி கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாறு கோயில் பின்பற்றும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20.