ஒல்லாந்தர் மனையும் பெயரற்ற கரங்களும்

கொழும்புப் புறக்கோட்டையின் வணிக ஆரவாரத்தினிடையே, பிரின்ஸ் வீதியில், ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்று இன்றும் நிலைத்து நிற்கின்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளுநர் தோமஸ் வான் ரீயின் வாசத்தலமாக விளங்கிய இம்மனை, 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமானபின் படையினரின் தங்குமிடமாயிற்று. பிற்காலத்தில் பொலிஸ் பயிற்சிக்கூடமாகவும் அஞ்சலகமாகவும் பயன்பட்டது. 1977இல் புனரமைப்புப் பணிகள் தொடங்கின. 1982இல் நூதனசாலையாக அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, வீதியை நோக்கிய தூண்கள், உள்ளே கிணற்றுடன் கூடிய முற்றம் ஆகியவை இம்மனையின் சிறப்புகள். இவற்றை ஐரோப்பியரின் கலைத்திறன் என்று மட்டும் போற்றுவது பொருந்தாது. வெயிலைத் தடுத்துக் காற்றை வரவழைக்கும் முற்றத்தின் பயனை, நாற்சார் வீடுகளை அமைத்த நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வந்தவர்கள் இந்நாட்டின் வெம்மையிடம் பாடங்கேட்டே தம் வீடுகளை வகுத்தனர்.

இனி, இம்மனையின் செல்வம் எங்கிருந்து வந்தது? கறுவா வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது ஒல்லாந்தக் கம்பனி. பட்டையுரிக்கும் கடமை பிறப்பின் பெயரால் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்டது. கொழும்பின் ஒல்லாந்த வீடுகளில் அடுப்பெரித்தோரும் நீர் சுமந்தோரும் பெரும்பாலும் அடிமைகளே. இந்தியாவிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் கொணரப்பட்டோர் அவர்களுள் பலர். இரவில் அடிமைகளை அடைத்துவைத்த இடமே இன்றைய கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய பெயரின் பொருள் 'அடிமைத் தீவு' என்பதாகும். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேதான். ஆளுநரின் பெயரை வரலாறு காத்தது. கிணற்றில் நீர் இறைத்த கைகளின் பெயர்களைக் காக்கவில்லை.

எனவே, இத்தகைய மனைகளை இடித்துவிட வேண்டுமா? அன்று, அவை ஆண்டோரின் சொத்தல்ல, உழைத்தோரின் சாட்சியம். தலைவாசலிலிருந்து மட்டுமன்றிக் கொல்லைப்புறத்திலிருந்தும் அவற்றைப் படிக்கக் கற்க வேண்டும்.

நம் வகுப்பறைகளுக்கும் இதில் ஒரு பணியுண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் 'கந்தோர்' ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். 'கதிரை'யும் 'குசினி'யும் அவர்க்கு முன்வந்த போர்த்துக்கீசர் தந்தவை. ஆட்சியின் சுவடு நம் நாவிலேயே தங்கியிருக்க, நம் மக்கள் வாழ்ந்த வீடுகளின் சுவடோ அழிகின்றது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனைக் கரைகளில் உயிர்களோடு வீடுகளையும் வாரிச் சென்றது. அவ்வீடுகளின் திண்ணை, முற்றம், அடுக்களை எவ்வாறு அமைந்திருந்தன என்பதை முதியோர் நினைவிலிருந்து மாணவர்கள் கேட்டெழுதட்டும், வரைபடமாக்கட்டும். மீனவரின் குடிசைக்கும் நெசவாளியின் தறிக்கூடத்துக்கும் வரலாற்றில் இடமுண்டு. அவ்விடத்தை எழுதிப் பெறுவது நம் கடமை.