ஊருக்கே கேட்ட கல்யாணம்

ஒரு வீட்டில் விசேஷம் என்பதை அறிய அந்தக் காலத்தில் பத்திரிகை கைக்கு வர வேண்டியதில்லை. விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் குரலில் பிள்ளையார் பாட்டு வயலைத் தாண்டி வந்தால் போதும். சத்தம் வரும் திசையை வைத்தே எந்த ஊர், யார் வீடு என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் குரலை வாடகைக்குக் கொண்டுவந்து கட்டியவர்கள் மைக் செட்காரர்கள். ஒரு தலைமுறைக்கே சினிமாப் பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் ஆக்கிய இந்தத் தொழில், அதற்குரிய மரியாதையோடு எழுதப்பட்டதில்லை.

ஒலிபெருக்கி அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் தாங்கள் உருவாக்கிய ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். இங்கே அதை மக்களிடம் கொண்டுசேர்த்ததில் தேசிய இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிந்துப் பகுதியில் 1909இல் மோட்வானி குடும்பம் தொடங்கிய நிறுவனம், பின்னாளில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. காந்தி பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் தெரியும் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் அவர்களுடையதுதான். தமிழகத்தில் திராவிட இயக்கத்தின் மாலை நேரக் கூட்டங்கள் மைக்கை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோயின. பேச்சாளர் வருவதற்கு முன்பே, கூட்டம் சேர்வதற்காகப் பாட்டு ஓடியாக வேண்டும். அரசியல் மேடைக்கு வாங்கிய செட், மேடை இல்லாத நாட்களில் கல்யாண வீட்டுக்குப் போனது.

மின்சாரம் மெல்லத்தான் வந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கினாலும், பெரும்பாலான கிராமங்களுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது விடுதலைக்குப் பிறகே. அதுவரை கார் பேட்டரிதான் கைகொடுத்தது. ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, ஒரு மைக், சுருட்டிய வயர், இசைத்தட்டுப் பெட்டி. மாட்டு வண்டியிலோ சைக்கிள் கேரியரிலோ ஏற்றிவிடக்கூடிய அளவுதான் மொத்தத் தொழிலும்.

கூம்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதன் கழுத்தில் பொருத்தும் சிறு யூனிட்டின் அதிர்வை, போகப்போக விரியும் குழாய் வீணாக்காமல் வெளிக்காற்றுக்குக் கடத்தும். அதனால் குறைந்த வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரே பல தெருக்களைத் தாண்டிக் கேட்கும். தாழ்ந்த ஒலிகள் அதில் எடுபடாது. தபலாவின் கும்கி காணாமல் போகும். ஆனால் மனிதக் குரல் கூர்மையாக வெளியே வரும். டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி குரல்கள் கிராமத்துக் காதுகளில் அப்படிப் பதிந்ததற்கு இந்தத் தகரக் குழாயும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. தென்னை மரத்தில் ஏறி அதைக் கட்டுபவனுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கோயில் பக்கம், மற்றொன்று சம்பந்தி ஊர்ப் பக்கம்.

இந்தத் தொழிலை வளர்த்தது தமிழ் நாள்காட்டி. தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆவணி என முகூர்த்த மாதங்கள் கல்யாணங்களால் நிரம்பும். கல்யாணம் வைக்காத ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். மார்கழியில் விடிவதற்கு முன்பே பெருமாள் கோயிலுக்கும் சிவன் கோயிலுக்கும் பாட்டு வேண்டும். இடையிடையே காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. தேர்தல் வந்தால் அது தனி அறுவடை. ஒரு வாசல் அடைத்தால் இன்னொன்று திறக்கும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான், கடன் வாங்கி இரண்டாவது செட் வாங்கினார்கள்.

வீட்டுக்காரர் கொடுத்த வாடகை கருவிக்கு மட்டுமல்ல, பாட்டு போடுபவரின் தேர்வுக்கும் சேர்த்துத்தான். முதலில் பிள்ளையார், பிறகு முருகன், அம்மன். சடங்குகள் முடிந்தபின் சினிமா. தாலி கட்டும் நேரத்தில் சோகப் பாட்டு ஓடிவிட்டால் ஊரே திட்டும். பழைய எழுபத்தெட்டு சுற்று இசைத்தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். தட்டு மாற்றுபவருக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. நீள் இசைத்தட்டு வந்தபின் ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் வசனமே கச்சேரியானது. கேசட் காலத்தில் ‘விதி’ (1984) படத்தின் நீதிமன்றக் காட்சி எத்தனையோ ஊர்களில் பந்தலுக்கு மேல் ஒலித்தது. கிராமத்தில் கேசட் போடுவதையே ஒரு வழிபாட்டுச் செயலாகக் கருதி, அமெரிக்க இசை ஆய்வாளர் பால் கிரீன் 1999இல் கட்டுரை எழுதினார். நம் ஆய்வாளர்கள் முந்தியிருக்க வேண்டிய விஷயம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நாதஸ்வரக் கலைஞர்கள் பலர் வாய்ப்பிழந்தார்கள். அதே வேளையில், மேளக்காரரை அழைக்க வசதியில்லாத குடிசை வீட்டுக் கல்யாணமும் பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் போலவே ஊருக்குக் கேட்டது. எந்தத் தெருவின் சத்தம் எதுவரை கேட்கலாம் என்று சாதி வகுத்திருந்த ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. கூம்பின் சத்தத்தை வைத்துத் தகராறுகள் எழுந்ததற்கும் இதுவே காரணம்.

கேசட் மலிவானதும் தொழிலுக்குள் நுழைவது எளிதானது. வயர் இழுத்த பையன்கள் தனிக்கடை போட்டார்கள். போட்டி கூடியது. பிழைப்பதற்காக டியூப் லைட், சீரியல் செட், ஜெனரேட்டர், சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் என்று சரக்கை விரித்தார்கள். பிறகு ஆளுயர பாக்ஸ்கள், டிஜே, எல்இடி திரை. சைக்கிளில் போன தொழிலுக்கு லாரி தேவைப்பட்டது. லாரிக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது.

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல் வரம்பு. கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டினால் போலீஸ் பறிமுதல் செய்யும் நிலை வந்தது. நோயாளிகளையும் படிக்கும் பிள்ளைகளையும் நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. தொழில் அதற்கேற்ப மாறிக்கொண்டது.

2020 மார்ச் இறுதியில் வந்த கொரோனா ஊரடங்கு வேறு மாதிரியானது. பங்குனித் திருவிழா, சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம், ஆடிக் கூழ் என அடுத்தடுத்து எல்லா வாசல்களும் அடைபட்டன. லாரியும் ஜெனரேட்டரும் கிடங்கில் நிற்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பந்தல், ஒலி, ஒளி அமைப்பாளர்கள் நிவாரணம் கேட்டுப் பல மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுவோடு போனார்கள்.