கல்கத்தாவில் காது கொடுத்துக் கேட்ட ஒரு டாக்டர்



"மனசு சரியில்லைன்னா டாக்டர் மாத்திரை தருவார், சரி. சும்மா பேசவிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தா நோய் தீருமா?" என்று நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தான். பதில் சொல்ல நூறு வருஷத்துக்கு முந்தைய கல்கத்தாவுக்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கிரீந்திரசேகர் போஸ் 1887இல் பிறந்தவர். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு உளப்பகுப்பாய்வு என்ற முறையை வளர்த்துக்கொண்டிருந்தார். நோயாளி படுத்துக்கொண்டு, வெட்கமானது, அற்பமானது என்று எதையும் ஒதுக்காமல், மனதில் வருவதையெல்லாம் சொல்ல வேண்டும். டாக்டர் புத்திமதி சொல்ல மாட்டார். எந்த இடத்தில் பேச்சு தடுக்குகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

போஸ் வியன்னாவுக்குப் போனதே இல்லை. படித்தும், நோயாளிகளைக் கேட்டும் தானாகவே கற்றார். 1921இல் தன் ஆய்வு நூலை ஃபிராய்டுக்கு அனுப்பினார். இவ்வளவு தூரத்தில் ஒருவரா என்று அவருக்கே ஆச்சரியம். 1922இல் பார்சிபாகான் சந்தில் இருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது. முதல் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள். வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு!

அதே சங்கத்தில் ஓவன் பெர்க்லி-ஹில் என்ற ஆங்கிலேயரும் இருந்தார். ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநல மருத்துவமனையின் தலைவர். அவரும் ஃபிராய்டைக் கரைத்துக் குடித்தவர்தான். ஆனால் அந்தப் படிப்பை வைத்து இந்துக்களின் குணமே கோணல் என்று 1921இல் கட்டுரை எழுதினார். ஒரு தேசத்தையே நோயாளியாக்கித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஆளும் இனத்துக்கு அது வசதியான தீர்ப்பு.

போஸ் செய்தது நேர்மாறு. ஆண்மை பறிபோய்விடுமோ என்ற அச்சம் ஆண்களின் மனதில் ஆழமாக இருக்கிறது என்பது ஃபிராய்டின் முக்கியமான கொள்கை. தன்னிடம் வந்த ஐரோப்பியர்களிடம் அது தெரிந்த அளவுக்கு இந்தியர்களிடம் தெரியவில்லை என்று 1929இல் போஸ் அவருக்கே எழுதினார். பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை இந்திய ஆண்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்றும் சொன்னார். ஃபிராய்டு முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. குரு சொன்னதற்கு நோயாளியை வளைக்காமல், நோயாளி சொன்னதை வைத்துக் குருவிடமே கேள்வி கேட்டார். அந்தக் கடிதத்துக்காகவே அவரை நான் பெரிய மனிதர் என்பேன்.

இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. 1931இல் ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, திருவாங்கூர்ச் சிலை ஒன்றைப் பார்த்துச் செய்த தந்த விஷ்ணுவைச் சங்கத்தார் அனுப்பினார்கள். அவர் அதைத் தன் மேசை மேல் வைத்துக்கொண்டார். 1940இல் போஸ் கல்கத்தாவில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். 1953இல் காலமானார்.

நம் சேந்தமங்கலம் பக்கம் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. "நெஞ்சை அடைக்குது", "ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை", "யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று அங்கேயே பேச்சை வெட்டுகிறவர் பெர்க்லி-ஹில் கட்சி. யார் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள், எப்போதிருந்து என்று மெதுவாகக் கேட்டால் மாமியார், நாத்தனார், பாகம் பிரியாத நிலம், போய்ச் சேர்ந்த பிள்ளை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். குறி சொல்கிற பூசாரிக்கு இது தெரியும். ஜெர்மனியில் உளப்பகுப்பாய்வு பயின்ற சுதீர் கக்கர் இப்படிப்பட்ட கோயில்களிலும் தர்காக்களிலும் போய் உட்கார்ந்து கவனித்து, 1982இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ஆக, தம்பி, கேட்பது சும்மா இருப்பது இல்லை. மாத்திரை தேவைப்படுகிற நோய்களும் உண்டு, அதை நிறுத்தச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.