கடனை வாசித்தல்: சமூகப் பணியாளருக்கு வேண்டிய நிதி அறிவு

கடனில் சிக்கிய குடும்பத்தைச் சந்திக்கும் சமூகப் பணியாளரின் பேச்சு, பெரும்பாலும் எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பதில் தொடங்குகிறது. அத்தொடக்கமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். சிக்கனத்தைப் போதிப்பதற்கு முன், கடனை வாசிக்கப் பணியாளர் கற்க வேண்டும்.

ஏழைகளுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்ற எண்ணத்துக்கு எதிரான வலுவான சான்று, 2009இல் வெளிவந்த ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ நூல். வங்கதேசம், இந்தியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் குடும்பங்களின் வரவு செலவை நாட்குறிப்பாகப் பதிந்த அந்த ஆய்வு, மிகக் குறைந்த வருமானத்திலும் சேமிப்பு, கடன், கைமாற்று எனப் பல வழிகளை மக்கள் ஒருசேரக் கையாள்வதைக் காட்டியது. தமிழ்நாட்டிலும் குழுக்கடன், தண்டல், ஏலச்சீட்டு, நகை அடகு ஆகிய அனைத்தின் தவணை நாளையும் மனத்தில் வைத்திருக்கும் பெண்கள் பலர். அவர்கள் கணக்கில் குறையில்லை. வெவ்வேறு கடன்களை ஒப்பிட உதவும் பொது அளவுகோல்தான் இல்லை.

ஏனெனில் ஒவ்வொரு கடனும் வட்டியை வேறு மொழியில் சொல்கிறது. ‘இரண்டு வட்டி’ என்பது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 விழுக்காடு. தண்டலில் விழுக்காடு என்ற பேச்சே எழாது. 10,000 ரூபாய்க் கடனில் 1,500ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு இது 15 விழுக்காடு. அசல் நாள்தோறும் குறைவதைக் கணக்கில் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு. நிறுவனக் கடனிலும் இதே மறைவு உண்டு. 50,000 ரூபாய்க்கு, அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே கணக்கிடும் 12 விழுக்காடு நிலையான வட்டி, 24 மாதத் தவணை என்றால், உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும். இவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எதை முதலில் அடைப்பது என்ற முடிவுக்கு அடிப்படை கிடைக்கும்.

அடுத்து, கடன் கொடுத்தவர் யார் என்பதை அறிய வேண்டும். பாதுகாப்பு அதைப் பொறுத்தே அமைகிறது. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் விதிகள், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானமின்றித் தரப்படும் கடன்களுக்கு உரியவை. அக்குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது. முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. இவ்விதிகள் தனியார் தண்டலுக்குப் பொருந்தா. அங்கே நிற்பது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டம். தண்டலையும் மீட்டர் வட்டியையும் அச்சட்டம் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம் என்பதும் பணியாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இக்கடன் வாசிப்பு வறுமையைத் தனிமனிதரின் கணக்குப் பிரச்சினையாகச் சுருக்கிவிடாதா என்ற மறுப்பு எழலாம். நியாயமான அச்சம் அது. கூலி உயராமலும் மருத்துவச் செலவு குறையாமலும் கடன் ஓயாது. நிதித் திறன் என்பதில் அறிவோடு, செயல்படும் வாய்ப்பும் அடங்கும் எனச் சமூகப் பணி ஆய்வாளர் மார்கரெட் ஷெர்ரடன் வலியுறுத்துவதும் இதனால்தான். ஆனால் கணக்கைத் தவிர்ப்பது இம்மறுப்புக்கு விடையாகாது. ஒரே தெருவில் இருபது குடும்பங்களின் கடன் பட்டியலைச் சேர்த்துப் பார்க்கும்போது, தனிக் குடும்பத்தின் ஊதாரித்தனம் எனத் தோன்றியது, அப்பகுதியின் கூலிக்கும் வட்டிக்கும் இடையிலான பள்ளம் எனப் புலப்படும். நிர்வாகத்திடம் வைக்கத்தக்க சான்று அங்கே பிறக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும். கணவருக்குத் தெரியாத கடனைப் பணியாளர் வெளிப்படுத்தினால் வீட்டில் வன்முறை மூளலாம். குழுவில் கசிந்தால் மானம் போகும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடனைக் கைகாட்டுவதும் உதவியாகாது.

ஆகவே சமூகப் பணிப் படிப்பின் களப்பயிற்சியில், நேர்காணலுக்கு இணையான இடம் கடன் வாசிப்புக்கும் வேண்டும். யாரிடம் வாங்கியது, கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எந்தச் சட்டம் பொருந்தும் என்ற ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி நிரப்ப மாணவர்கள் பழகட்டும். வெட்கத்தோடு வந்து அமரும் பெண்ணுக்கு, அந்தத் தாள் நிரம்பும்போது, தன் கடனுக்கு ஓர் எல்லை இருப்பது முதன்முறையாகக் கண்ணில் படும்.