எழுத்தின் வாழ்விடம்

ஓர் எழுத்தின் ஆயுள் அது புழங்கும் இடங்களைப் பொறுத்தது. மிஸ்ரு நாட்டின் பழைய சித்திர எழுத்து இதற்குச் சான்று. ஆந்தை, பாம்பு, கண், நாணல் முதலிய உருவங்களாலான அதனை அரபிகள் ‘கலமுத் தைர்’, அதாவது பறவை எழுத்து என்றனர். கோயிற் சுவர், கல்லறை, அரசர் நாட்டிய தூண் ஆகியவையே அதன் தலையாய இடங்கள். அன்றாடக் கணக்கும் கடிதமும் பப்பைரஸ் தாளில் வேறொரு விரைவெழுத்தில் எழுதப்பட்டன. ஆகவே, கோயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அதற்குப் புகலிடம் இல்லாமற் போயிற்று. ஃபீலே தீவில் கி.பி. 394 ஆகஸ்டு 24இல் வெட்டப்பட்டதே நாள் அறியப்பட்ட கடைசிப் பொறிப்பாகும். பிற்காலத்தில் இப்னு வஹ்ஷிய்யாவின் பெயரால் வழங்கும் நூல் அவ்வெழுத்துகளுக்குப் பொருள் காண முயன்றது. எனினும், ரஷீத் நகர்க் கல்லின் துணையால் 1822இல் ஷாம்போலியன் வழிகண்ட பின்னரே அது மீண்டும் வாசிக்கப்பட்டது.

அதே மிஸ்ரின் செங்கடல் துறையான குஸைருல் கதீமில் தமிழி எழுத்தும் கிடைத்துள்ளது. கணன், சாதன் என்னும் பெயர்கள் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிய பானையோடுகளில் கீறப்பட்டுள்ளன. தமிழி எளியோர் கைக்கும் எட்டிய எழுத்து என்பதை நம் தேனி மாவட்டமும் காட்டுகிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி பொறித்த 3 நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். கூடலூர் என்னும் பெயருடைய ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் உள்ளது. மிஸ்ரில் மன்னரும் அதிகாரிகளும் பெற்ற கல்லெழுத்தை இங்கே ஆநிரைப் பூசலில் வீழ்ந்த ஊர்மகன் பெற்றான். பானை, கல், குகை எனப் பல இடங்களில் புழங்கிய தமிழி உருமாறி வட்டெழுத்தாயிற்று. உத்தமபாளையம் குன்றின் சமண உருவங்களருகே அவ்வட்டெழுத்தை இன்றும் காணலாம்.

நம் முன்னோரின் அரபுத்தமிழை இவ்விரண்டோடும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். மார்க்கச் சட்டம், மருத்துவம், பாடல், குடும்பக் கடிதம் என அதற்கும் இடங்கள் பல இருந்தன. தமிழெழுத்து அறியாத பெண்டிரும் அதன்வழிக் கல்வி பெற்றனர். அவ்விடங்கள் இன்று ஒவ்வொன்றாக அடைபட்டு வருகின்றன. பழைய ஏடுகளைப் பேழையில் பூட்டிக் காப்பது மட்டும் போதாது. வாசிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, நம் மதரஸாக்கள் வாரம் ஒரு மணி நேரமேனும் அரபுத்தமிழ் வாசிப்புக்கு ஒதுக்குதல் வேண்டும்.