கவருக்குள் யார் பெயர்?

2017 பிப்ரவரி 27, திங்கட்கிழமை. காலை பத்தரை மணி தாண்டியிருக்கும். ஓஎம்ஆரில் நான் அப்போது வேலை பார்த்த ஆபீஸில், காலை மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு பதினோரு பேர் ஒரே மானிட்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். தலைக்கு நூறு ரூபாய் பந்தயம். ஆஸ்கரில் சிறந்த படம் எது என்று சரியாக எழுதிக்கொடுத்தவர்களுக்கு மொத்தப் பணம்.

நான் எழுதியிருந்தது 'லா லா லேண்ட்'. சும்மா எழுதவில்லை. முந்தைய இருபது வருட விருதுப் பட்டியல்களை எக்ஸெல்லில் ஏற்றி, தயாரிப்பாளர் சங்க விருதுக்கு இவ்வளவு, இயக்குநர் சங்க விருதுக்கு இவ்வளவு, பாஃப்டாவுக்கு இவ்வளவு என்று எடை போட்டு வைத்திருந்தேன். 14 பரிந்துரைகள் வாங்கிய படம் வேறு. ஷீட்டில் பச்சை பச்சையாக எரிந்தது.

ஃபே டனவே பெயரை வாசித்தார். 'லா லா லேண்ட்'. கைதட்டினோம். இரண்டு மூன்று நிமிடம் நான் ஜெயித்திருந்தேன். அப்புறம் மேடையில் ஒரு குழப்பம். ஹெட்செட் மாட்டிய ஆள் ஒருவர் குறுக்கே ஓடினார். 'லா லா லேண்ட்' தயாரிப்பாளர் ஜோர்டன் ஹோரோவிட்ஸ் மைக்கைப் பிடித்து, தவறு நடந்துவிட்டது, ஜெயித்தது 'மூன்லைட்' என்று சொல்லி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

எங்களில் 'மூன்லைட்' எழுதியிருந்தது ஒரே ஒருத்தர். டெஸ்டிங் டீமில் இருந்த அண்ணன். ஆயிரத்து நூறு ரூபாயை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீ அந்தப் படத்த பாத்தியா?"

பார்க்கவில்லை. அது ஏன் ஜெயிக்காது என்று மூன்று வாரமாக லஞ்ச் டேபிளில் பாடம் எடுத்தவன், படத்தையே பார்த்திருக்கவில்லை.

இந்த ஊகிக்கும் வியாதி எங்கிருந்து ஆரம்பித்தது என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் ஊகிக்க ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில், விருது கொடுத்த நேரம் சுமார் 15 நிமிடம். வந்திருந்தது 270 பேர் போல. யாருக்கு என்ன விருது என்பது மூன்று மாதத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. சிறந்த நடிகரான எமில் யானிங்ஸ், ஜெர்மனிக்குக் கிளம்புவதால் தன் சிலையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்கூல் ஆண்டுவிழா மாதிரிதான். பரிசு யாருக்கு என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கும், மேடையில் சோப்பு டப்பா வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த வருடமே முறையை மாற்றினார்கள். முடிவுகளைப் பத்திரிகைகளிடம் முன்பே கொடுத்துவிடுவார்கள், ஆனால் இரவு 11 மணிக்குத்தான் அச்சில் வர வேண்டும். அந்தச் சில மணி நேர ரகசியம் போதுமானதாக இருந்தது. ஆட்கள் ஊகிக்க ஆரம்பித்தார்கள். ஊகம் தப்பவும் ஆரம்பித்தது.

1934 விழாவில் சிறந்த இயக்குநர் பட்டியலில் இரண்டு ஃபிராங்க். 'லேடி ஃபார் எ டே' எடுத்த ஃபிராங்க் காப்ரா, 'காவல்கேட்' எடுத்த ஃபிராங்க் லாய்ட். தொகுத்து வழங்கிய வில் ரோஜர்ஸ் பெயரின் பின்பாதியைச் சொல்லாமல், 'வந்து வாங்கிக்கோ ஃபிராங்க்' என்கிற பாணியில் கூப்பிட்டுவிட்டார். காப்ரா எழுந்து மேஜைகளுக்கு நடுவே நடந்துபோனார். வெளிச்சம் விழுந்தது லாய்டின் மேல். காப்ரா தன் சுயசரிதையில் அந்தத் திரும்பி நடந்த நடையைப் பற்றி எழுதியிருக்கிறார். 2017-இல் ஹோரோவிட்ஸ் மேடையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவருடம் காப்ராவுக்குக் கிடைத்தது. அதே 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' படத்தின் நாயகி க்ளாடெட் கோல்பேர், தான் ஜெயிக்கப்போவதில்லை என்று முடிவுகட்டி ரயில் ஏறக் கிளம்பிவிட்டிருந்தார். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பி, பயண உடுப்போடே கூட்டிவந்து விருதைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருடம் இன்னொரு சண்டையும் நடந்தது. 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் நடித்த பெட் டேவிஸின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. பெரிய கூச்சல் எழுந்தது. பட்டியலில் இல்லாத பெயரையும் கையால் எழுதி ஓட்டுப் போடலாம் என்று அகாடமி இறங்கிவந்தது. டேவிஸ் அப்போதும் ஜெயிக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஹால் மோர் என்ற ஒளிப்பதிவாளர் அப்படிக் கையால் எழுதப்பட்ட ஓட்டுகளாலேயே ஆஸ்கர் வாங்கினார். அந்த வழியில் வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். சீக்கிரமே கதவை மூடிவிட்டார்கள். ஓட்டு எண்ணுவதில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கு நிறுவனத்தை அழைத்துவந்ததும் இந்தக் காலத்தில்தான், 1935-இல்.

அப்புறம் 1940. விழா பிப்ரவரி 29 அன்று, அம்பாசடர் ஹோட்டலில். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் ஒப்பந்தத்தை மீறி முடிவுகளை மாலைப் பதிப்பிலேயே போட்டுவிட்டது. விருந்தினர்கள் உள்ளே நுழையும்போதே 'கான் வித் த விண்ட்' ஜெயித்த செய்தி கைக்குக் கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகு பத்திரிகைகளை நம்பிப் பயனில்லை என்று 1941-இலிருந்து முடிவுகளை ஒட்டிய கவருக்குள் வைத்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கிற அந்தக் கவர், ஒரு பத்திரிகை வாய் தவறியதன் விளைவு. மேடையில் நகத்தால் கவரைக் கிழிக்கும் அந்த இரண்டு வினாடிகளுக்காகவே இவ்வளவு நிகழ்ச்சியும் நடக்கிற மாதிரி ஆனது அதற்குப் பிறகுதான்.

அதே இரவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. துணை நடிகைக்கான விருதை வாங்கியவர் ஹாட்டி மெக்டேனியல். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர், வாங்கிய முதல் ஆளும் அவர்தான். அந்த ஹோட்டலுக்குள் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுத்தான் அவரை உள்ளே விட வைத்தார். அப்போதும் தன் படத்தின் மற்ற நடிகர்களோடு உட்கார முடியவில்லை. சுவரோரமாக ஒரு தனி மேஜை. பெயர் கூப்பிட்டதும் அங்கிருந்து எழுந்து மேடைக்கு நடந்தார்.

என் எக்ஸெல் ஷீட் 1940-இல் இருந்திருந்தால் அவருக்கு எத்தனை சதவீதம் போட்டிருக்கும்? பூஜ்யம். அதே பிரிவில் அதே படத்தின் ஒலிவியா டி ஹாவிலண்ட் வேறு இருந்தார். முன்னால் ஒரு கறுப்பின நடிகை வாங்கியதாக ஒரு வரிகூடத் தரவில் இல்லை. வரி இல்லாவிட்டால் வாய்ப்பும் இல்லை. என் ஃபார்முலா அப்படித்தான் யோசிக்கும். எழுதியவன் நான் என்பதால் நானும் அப்படித்தான் யோசித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

கணிப்பு வெறும் வேடிக்கை இல்லை, அதை வைத்தே ஓட்டு வாங்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர்களில் ஹென்றி ராஜர்ஸ் என்ற விளம்பர ஆளைச் சொல்ல வேண்டும். ஜோன் கிராஃபோர்டின் 'மில்ட்ரெட் பியர்ஸ்' ஷூட்டிங் முடிவதற்கு முன்பே, இந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் நிச்சயம் என்ற பேச்சைச் சினிமாப் பத்திகளில் வரவைத்தார். ஒருவர் எழுத, அதைப் படித்து இன்னொருவர் எழுத, கடைசியில் ஊரே அதைச் சொன்னது. 1946 மார்ச்சில் விருது கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்த கிராஃபோர்ட், படுக்கையில் சாய்ந்தபடி சிலையோடு போட்டோவுக்குப் போஸ் கொடுத்தார். வானிலை அறிக்கை மழையை வரவழைக்காது. ஆஸ்கர் கணிப்பு வரவழைக்கும். ஓட்டுப் போடுகிறவரும் அதே பேப்பரைத்தானே படிக்கிறார்!

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிஸ்கல், ஈபர்ட் என்ற இரண்டு விமர்சகர்கள் வருடாவருடம் 'இஃப் வி பிக்ட் த வின்னர்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவார்கள். எங்களிடம் விட்டால் யாருக்குக் கொடுப்போம் என்று சண்டை போடுவதுதான் நிகழ்ச்சி. அந்தத் தலைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்பது ஒரு கேள்வி, யார் ஜெயிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் படம் பார்த்தே ஆக வேண்டும். முதலாவதற்கு வேண்டாம், ஓட்டுப் போடுகிறவர்களைத் தெரிந்தால் போதும்.

அவர்கள் யார்? 2012-இல் அதே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் துருவிப் பார்த்து எழுதியது: உறுப்பினர்களில் ஏறக்குறைய 94 சதவீதம் வெள்ளையர்கள், 77 சதவீதம் ஆண்கள், இடைநிலை வயது 62. ஆக, நல்ல கணிப்பாளன் என்பவன் 62 வயது வெள்ளைக்கார ஆண் மாதிரி யோசிக்கத் தெரிந்தவன். துரைப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பழகிக்கொண்டிருந்தது அதைத்தான்.

எண்களை நம்பிக் கவிழ்ந்தவன் நான் மட்டும் இல்லை. 2008 அமெரிக்கத் தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐச் சரியாகச் சொன்ன நேட் சில்வர், 2009 பிப்ரவரியில் ஆஸ்கரின் ஆறு முக்கியப் பிரிவுகளைக் கணித்தார். நான்கு சரி, இரண்டு தப்பு. சிறந்த நடிகர் மிக்கி ரூர்க் என்றார், வாங்கியது ஷான் பென். நமக்கு அந்த இரவு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். ரஹ்மான் இரண்டு வாங்கிய இரவு அது. சிறந்த பாடலுக்கு மூன்றே பாட்டுகள் போட்டியில் இருந்தன, அதில் இரண்டு அவருடையவை. அதைக் கணிக்க எக்ஸெல் வேண்டியதில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு நின்ற எல்லோருமே சரியாகச் சொன்னோம்.

அந்த வருடம்தான் 'டார்க் நைட்' சிறந்த படப் பட்டியலில் வராமல் போய்ப் பெரிய வாக்குவாதம் ஆனது. அடுத்த விழாவுக்கு அகாடமி இரண்டு விஷயங்களை மாற்றியது. பட்டியலில் ஐந்துக்குப் பதில் பத்துப் படங்கள். ஓட்டு எண்ணுவதும் வேறு முறை, 1940-களின் நடுப்பகுதி வரை இருந்த பழைய முறைதான் திரும்பி வந்தது. உறுப்பினர் ஒரு படத்துக்கு டிக் போடுவதில்லை, 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்.

ஓர் உதாரணம். 100 ஓட்டு, மூன்று படங்கள். முதலிடத்தில் எழுதியவர்கள்: அ-வுக்கு 40, ஆ-வுக்கு 35, இ-க்கு 25. பழைய கணக்கில் அ ஜெயித்தது, வீட்டுக்குப் போகலாம். புதுக் கணக்கில் யாரும் பாதியைத் தாண்டவில்லை, எனவே கடைசியில் நிற்கும் இ வெளியே. அந்த 25 சீட்டுகளில் இரண்டாவதாக என்ன எழுதியிருக்கிறது? 20-இல் ஆ, 5-இல் அ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆ 55, அ 45. பலருக்கு முதல் காதலாகவும் மற்றவர்களுக்குக் கடைசித் தேர்வாகவும் இருக்கும் படம் தோற்றுப்போகலாம். முதலிட ஓட்டும் ஓரளவு வாங்கி, மற்றவர்களில் பலருக்கு இரண்டாவதாகப் பிடித்த படம் ஜெயித்துவிடலாம்.

'மூன்லைட்' இப்படித்தான் ஜெயித்ததா? சொல்ல முடியாது, அகாடமி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை. என் தொழிலில் இதைவிட மோசமான நிலைமை கிடையாது. சிஸ்டம் சரியா தப்பா என்று மட்டும் பதில் சொல்கிறது, எவ்வளவு தப்பு என்று சொல்வதில்லை. ஒரு ஓட்டில் தப்பினேனா, ஆயிரத்திலா? லாக் ஃபைல் இல்லாத ப்ரோகிராமை டீபக் செய்வது மாதிரி. அதனால் காரணங்களை நாமே தைத்துக்கொள்கிறோம்.

நானும் தைத்தேன். தோற்ற பிறகு ஷீட்டை நோண்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நடிகர் சங்கம் தரும் குழு நடிப்பு விருதின் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லாமல் ஆஸ்கர் சிறந்த படம் வாங்கியது, அந்த விருது தொடங்கிய 1990-களின் நடுவிலிருந்து ஒரே படம்தான்: 'பிரேவ்ஹார்ட்'. 'லா லா லேண்ட்' அந்தப் பட்டியலில் இல்லை. 'மூன்லைட்' இருந்தது. ஆஹா, இதுதான் பக் என்று அந்தக் கட்டத்துக்கு எடையை ஏற்றினேன். 2018-இல் 'ஷேப் ஆஃப் வாட்டர்' அந்தப் பட்டியலில் இல்லை, எனவே அதை ஒதுக்கிவிட்டு 'த்ரீ பில்போர்ட்ஸ்' எழுதினேன். நடிகர் சங்க விருது, பாஃப்டா இரண்டையும் அது வாங்கியிருந்ததே. ஜெயித்தது 'ஷேப் ஆஃப் வாட்டர்'. அதற்கடுத்த வருடம் 'கிரீன் புக்', அதுவும் அந்தப் பட்டியலில் இல்லாத படம். இருபது வருடம் நின்ற விதி, நான் நம்ப ஆரம்பித்ததும் இரண்டு வருடத்தில் உதிர்ந்துபோனது.

'மூன்லைட்'டை அந்த 2017 மார்ச்சில் ஒரு ராத்திரி தனியாகப் பார்த்தேன். கடலில் அந்தப் பெரியவர் பையனின் தலையைக் கையில் தாங்கி மிதக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இந்தப் படம் ஜெயிக்காது என்பதற்கு நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுக்குக்கூட இந்தக் காட்சியோடு சம்பந்தம் இல்லை.

மறுவருடப் பந்தயத்துக்குப் பணம் வசூலிக்க டெஸ்டிங் டீம் பக்கம் போனேன். அண்ணன் நூறு ரூபாயை எடுக்கவில்லை. "இந்த வாட்டி என்னைய விட்ரு தம்பி," என்றார். "இன்னும் நாலு படம் பாக்க வேண்டியிருக்கு."